எல்லாவற்றிலும் பின்தங்கிய நாடு எதை விற்கும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு நாடு எல்லாப் பொருள்களையும் இன்னொரு நாட்டைவிடக் குறைந்த உழைப்பில் தயாரித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்தங்கிய நாட்டிடம் அது எதற்காக எதையும் வாங்க வேண்டும்? முழு நன்மை, ஒப்பீட்டு நன்மை என்று கல்லூரியில் படித்த இரண்டையும் இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பதில்: முழு நன்மையைப் புரிந்துகொள்வதில் சிரமம் ஏதும் இல்லை. ஒரு பொருளை மற்றவரைவிடக் குறைந்த உழைப்பில் செய்பவருக்கு அந்தப் பொருளில் முழு நன்மை இருக்கிறது. கண்ணாடிக் கூடாரமும் சூடேற்றிய பாத்தியும் அமைத்தால் ஸ்காட்லாந்திலும் நல்ல திராட்சையை விளைவிக்கலாம், அதிலிருந்து நல்ல ஒயினும் எடுக்கலாம், ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்குவதைப்போல ஏறத்தாழ 30 மடங்கு செலவாகும் என்று 1776இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதியது இந்தப் பொருளில்தான். ஆளுக்கொரு பொருளில் கைதேர்ந்த இரண்டு நாடுகளுக்கு இந்த விளக்கம் போதும். ஒரே நாடு இரண்டிலும் கைதேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்னும் தங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை.

அந்த விடையை 1817இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிகார்டோ நான்கே எண்களில் தந்தார். குறிப்பிட்ட அளவு துணியை ஓராண்டில் நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேரின் உழைப்பும், குறிப்பிட்ட அளவு ஒயினைத் தயாரிக்க 120 பேரின் உழைப்பும் தேவை. போர்ச்சுகலுக்கோ அதே துணிக்கு 90 பேரும் அதே ஒயினுக்கு 80 பேரும் போதும். பாடநூல்கள் பலவும் இந்த எண்களை அட்டவணையில் போட்டுவிட்டு, அதைக் குறுக்கே படிப்பதா நெடுக்கே படிப்பதா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பொருளுக்குப் பொருள் இரண்டு நாடுகளையும் குறுக்கே ஒப்பிட்டால், துணியிலும் ஒயினிலும் போர்ச்சுகலே முந்துகிறது. இது முழு நன்மை. இனி ஒவ்வொரு நாட்டையும் தனியாக எடுத்துக்கொண்டு நெடுக்கே படியுங்கள். போர்ச்சுகலில் ஓர் அலகு ஒயினுக்கு ஈடுபடும் 80 பேரை நெசவுக்கு அனுப்பியிருந்தால் 80/90, அதாவது ஓர் அலகுக்கும் சற்றுக் குறைவான துணி கிடைத்திருக்கும். இங்கிலாந்தில் ஒயினுக்கு ஈடுபடும் 120 பேரை நெசவுக்கு அனுப்பியிருந்தால் 1.2 அலகு துணி கிடைத்திருக்கும். ஒரு பொருளைச் செய்வதற்காகக் கைவிட நேரும் மற்றப் பொருளின் அளவே அதன் உண்மையான விலை. அதைத்தான் வாய்ப்புச் செலவு என்கிறோம். ஒயினுக்காகக் குறைவான துணியைக் கைவிடுவது போர்ச்சுகல். துணிக்காகக் குறைவான ஒயினைக் கைவிடுவது இங்கிலாந்து. ஒரு பொருளின் வாய்ப்புச் செலவு எந்த நாட்டில் குறைவோ, அந்த நாட்டுக்கு அந்தப் பொருளில் ஒப்பீட்டு நன்மை இருக்கிறது. ஒரே நாட்டுக்கு இரண்டு பொருளிலும் ஒப்பீட்டு நன்மை அமைய வழியே இல்லை; இரண்டு நாடுகளிலும் இந்த விகிதம் ஒன்றாகவே இருந்தால் யாருக்கும் எதிலும் அது இல்லை.

வாணிபம் தொடங்கும் முன், இரண்டு நாடுகளும் இரண்டு பொருளையும் ஓர் அலகு வீதம் தயாரிக்க மொத்தம் 390 பேர் தேவைப்பட்டனர். இங்கிலாந்து இரண்டு அலகு துணியையும் போர்ச்சுகல் இரண்டு அலகு ஒயினையும் செய்தால் 200 பேரும் 160 பேருமாக 360 பேரில் வேலை முடிகிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் இங்கிலாந்துக்கு 20 பேரின் உழைப்பும் போர்ச்சுகலுக்கு 10 பேரின் உழைப்பும் மிச்சம். முந்திய நாடு பின்தங்கிய நாட்டிடம் துணி வாங்குவது தயவினால் அன்று. தன் ஆட்களை நெசவில் நிறுத்துவது அதற்குக் கட்டுப்படியாகவில்லை என்பதால்தான்.

கேள்வி: வணிகர் உழைப்புக் கணக்கையா பார்க்கிறார்? விலையைத்தானே பார்க்கிறார். இரண்டு பொருளும் போர்ச்சுகலில் மலிவு என்றால் இரண்டையும் அங்கேயே வாங்கிவிட மாட்டாரா?

பதில்: கூர்மையான கேள்வி. இதை எதிர்கொள்ளாத விளக்கம் அரைகுறையாகவே நிற்கும். இரண்டு நாடுகளிலும் கூலி சமமாக இருக்கும்வரை, தாங்கள் சொல்வதே நடக்கும். ஆனால் எல்லாரும் போர்ச்சுகலில் மட்டுமே வாங்கினால் இங்கிலாந்தின் பொன் அங்கே போய்ச் சேரும். அங்கே விலையும் கூலியும் ஏறும், இங்கிலாந்தில் இறங்கும். ரிகார்டோ தம் காலத்துப் பொன் நாணய முறையை வைத்து இப்படித்தான் விளக்கினார். இன்று அந்த வேலையைப் பெரிதும் நாணய மாற்று விகிதம் செய்கிறது.

இந்த ஏற்றம் எங்கே நிற்கும் என்பதையும் அதே நான்கு எண்களே சொல்லும். போர்ச்சுகலின் கூலி இங்கிலாந்தின் கூலியைப்போல 100/90 மடங்கை, அதாவது ஏறத்தாழ 1.11 மடங்கைத் தாண்டியதும் ஆங்கிலேயத் துணி மலிவாகிவிடுகிறது. 120/80, அதாவது 1.5 மடங்கைத் தாண்டினாலோ போர்ச்சுகலின் ஒயினும் விலைபோகாது. கூலி இந்த இரண்டுக்கும் இடையில் நிலைகொள்ளும்போது இரண்டு நாடுகளுக்கும் ஆளுக்கொரு விற்பனைப் பொருள் இருக்கிறது. முழு நன்மையைப் பயனற்ற கருத்தென்று ஒதுக்குவோர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. எதை விற்பது என்பதை ஒப்பீட்டு நன்மை முடிவு செய்கிறது. விற்றுப் பெறும் கூலி எவ்வளவு என்பதை முழு நன்மையே பெரிதும் முடிவு செய்கிறது. பின்தங்கிய நாட்டுக்கும் வாணிபத்தில் இடம் உண்டு என்றால், குறைந்த கூலியோடு கூடிய இடம் என்றே பொருள். அந்தக் கூலி உயர, உற்பத்தித் திறன் உயர வேண்டும்.

கேள்வி: ஒன்றுக்கு ஒன்று என்ற மாற்று விகிதத்தை யார் முடிவு செய்தார்?

பதில்: ரிகார்டோ எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டது அது. ஓர் அலகு ஒயினுக்கு 0.89 முதல் 1.2 அலகு துணி வரை எந்த விகிதத்திலும் இரு தரப்புக்கும் நட்டமில்லை. மாற்று விகிதம் அதற்குள் எங்கே அமையும் என்பது ஒருவர் பொருள் மற்றவருக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்தது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் பின்னர் விளக்கினார்.

கேள்வி: நாடு லாபம் அடைகிறது என்கிறீர்கள். போர்ச்சுகலின் நெசவாளர் என்ன ஆவார்?

பதில்: நாடு என்ற சொல் இங்கே ஒரு கூட்டுத்தொகையைக் குறிக்கிறதே தவிர ஒவ்வொரு குடிமகனையும் குறிக்கவில்லை. உழைப்பு ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி இடம்பெயரும் என்று ரிகார்டோவின் கணக்கு எடுத்துக்கொள்கிறது. தறியை விட்டவர் மறுநாளே திராட்சைத் தோட்டத்தில் நிற்பார் என்பதைப்போல. உண்மையில் ஊரும் வயதும் பழகிய கையும் அவரைப் பிடித்து நிறுத்துகின்றன. வாணிபம் திறக்கும்போது நாட்டின் மொத்த வருமானம் உயர்ந்தாலும், உழைப்பாளரோ முதலீட்டாளரோ யாரேனும் ஒரு பிரிவினரின் உண்மை வருமானம் குறையக்கூடும் என்று 1941இல் ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்னும் பொருளியலாளர்கள் காட்டினர். 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது; அதன் ஏற்றுமதியோடு நேரடியாகப் போட்டியிட்ட தொழில்கள் நிறைந்த அமெரிக்க வட்டாரங்களில் வேலையிழப்பு மிகுந்திருந்ததை ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்னும் பொருளியலாளர் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. லாபம் அடைந்தோரிடமிருந்து ஒரு பகுதியை எடுத்து இழந்தோருக்கு ஈடுகட்ட முடியும் என்பது கணக்கில் சரிதான். அப்படி ஈடுகட்டுவதை ஓர் அரசு செய்தால்தான் உண்டு. சந்தை தானாகச் செய்யாது.

கேள்வி: ரிகார்டோவின் எண்கள் உண்மையானவையா? இந்தக் கோட்பாட்டை யாரேனும் சோதித்திருக்கிறார்களா?

பதில்: எண்கள் கற்பனை; ஆனால் துணியும் ஒயினும் கற்பனை அல்ல. 1703ஆம் ஆண்டின் மெத்துவன் உடன்படிக்கைப்படி, ஆங்கிலேயக் கம்பளித் துணியைப் போர்ச்சுகல் அனுமதித்தது. போர்ச்சுகல் ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயினுக்கு விதித்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரியை இங்கிலாந்து விதித்தது. தடையற்ற வாணிபத்தின் பாடமாக நாம் படிக்கும் எடுத்துக்காட்டுக்குப் பின்னால் ஒரு வரிச் சலுகை இருந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

சோதிப்பது கடினம், ஏனெனில் வாணிபமே இல்லாத நிலையில் விலைகள் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டும். ஏறத்தாழ மூடியே கிடந்து 1859இல் துறைமுகங்களைத் திறந்த ஜப்பான் அரிய விதிவிலக்கு. பெர்ன்ஹோஃபென், பிரவுன் என்னும் பொருளியலாளர் இருவர் அதன் பழைய விலைகளை ஆராய்ந்தபோது, ஜப்பானில் ஒப்பீட்டளவில் மலிவாக இருந்த கச்சாப் பட்டு, தேயிலை போன்றவை வெளியே சென்றதையும், அங்கே விலை கூடுதலாக இருந்த நெசவுப் பொருள்கள் உள்ளே வந்ததையும், அதாவது கோட்பாடு சொன்ன திசையிலேயே வாணிபம் நடந்ததையும் கண்டனர். இதனால் ஜப்பான் பெற்ற ஆதாயம் நாட்டு வருமானத்தில் அதிகபட்சம் 8 முதல் 9 சதவீதம் என்பது அவர்களின் மதிப்பீடு.