வௌவாலை எண்ணி என்ன ஆகப்போகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வௌவால் கணக்கெடுப்புக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குக் குப்பனூர்ப் பக்கம் மாந்தோப்பு. வரப்போரம் ஒரு கிழட்டு இலுப்பை மரம் நிற்கிறது. அதில் பழந்தின்னி வௌவால்கள் தலைமுறை தலைமுறையாகத் தொங்குகின்றன. மே மாதம் விடிகாலையில் போய்ப் பார்த்தால் மல்கோவா பாதி கடித்துக் கீழே கிடக்கும். வயிறு எரியும்.

இருட்டில் பறப்பதை எப்படி எண்ண முடியும்? போனதே திரும்பி வந்தால் இரண்டாகிவிடாதா? அப்படியே எண்ணினாலும் யாருக்கு என்ன பயன்? என் தாத்தா காலத்தில் சாயங்காலம் வானமே கறுத்துவிடுமாம். இப்போது அவ்வளவு இல்லை என்பது எண்ணாமலே தெரிகிறதே. இன்னொன்று, வௌவாலிடமிருந்து பரவும் நிபா காய்ச்சல் பயத்தில் மரத்தை வெட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பெயர் வேண்டாம்.
ஒரு மாந்தோப்புக்காரர், சேலம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உண்மையில் நாங்கள் எண்ணுவது இருட்டில் இல்லை. இருட்டுவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேர வெளிச்சத்தில்தான். சூரியன் மறையும் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். வௌவால்கள் அடைந்திருக்கும் கட்டடத்தின் வாசலுக்கு நேர் எதிரே உட்காரக் கூடாது. ஒரு பக்கமாக, கொஞ்சம் தாழ்வாக, அவை வெளியே வரும்போது பின்னால் வானம் தெரியும்படி உட்கார வேண்டும். பின்னால் சில்வர் ஓக் மரங்கள் இருந்தால் கறுப்புக்கு மேல் கறுப்பு, ஒன்றும் தெரியாது. ஒரு வாசலுக்கு ஓர் ஆள். கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவி கைக்கு ஒன்று. வெளியே போனால் வலது கை, உள்ளே திரும்பினால் இடது கை. கடைசியில் கழித்துக்கொள்ளலாம்.

ஆகவே போனதே திரும்பி வருவது பெரிய சிக்கல் இல்லை. வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே வட்டமடிக்கும் ஆட்கள்தான் சிக்கல். கல்யாண மண்டபத்து வாசலில் நிற்பவர்களைப் போல, வருகிறார்களா போகிறார்களா என்று தெரியாது.

போன கட்டுரையில் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். காபிப் பழத்தின் தோல் உரிக்கும் பழைய கட்டடம் ஒன்று, கூரை பாதி போனது. அதன் ஒரே வாசலை நானும் ஒரு கல்லூரி மாணவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினோம். எனக்கு 143. அவளுக்கு 158. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “சராசரி போட்டுக்கலாமா?” என்றேன். “வேண்டாங்க சார், ரெண்டையும் அப்படியே எழுதிக்கலாம்” என்றாள். எழுதினாள். நேரம், காற்று, மேகம், நிலா எல்லாவற்றையும் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

மலை இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் கண் எவ்வளவு தவறும் என்பதற்கு அந்த 15 வித்தியாசம்தான் சாட்சி. அடுத்த வருடம் அதே மாதம், அதே வாசலில் 150 வந்தால் யாரும் பதற மாட்டார்கள். 60 வந்தால் விசாரிப்பார்கள். கூரை பிரிந்ததா, உள்ளே யாராவது தீ மூட்டினார்களா என்று பார்ப்பார்கள். சராசரி போட்டிருந்தால் எதற்குப் பதற வேண்டும் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

வௌவால் ஒலியைப் பிடிக்கும் கருவி (டிடெக்டர்) வைத்தால் போதாதா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பூச்சி தின்னும் வௌவால்கள் இருட்டில் வழியும் இரையும் அறிய எழுப்பும் ஒலி பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, நம் காதுக்கு எட்டாதது. டிடெக்டர் அதை நமக்குக் கேட்கும்படி மாற்றித் தரும். டக்டக்கென்று ஆரம்பித்து, பூச்சியை நெருங்கும்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கேட்கக் கேட்க அலுக்காது. ஆனால் ஒரே வௌவால் தெருவிளக்கை இருபது முறை சுற்றினாலும், இருபது வௌவால்கள் ஒரு முறை கடந்து போனாலும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். நடமாட்டம் எவ்வளவு என்று தெரியும், தலை எத்தனை என்று தெரியாது. மூக்கில் லாடம் மாதிரி மடிப்புள்ள வகைகளின் ஒலி இன்னும் உச்சத்தில் இருக்கும். அது காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்றாலே கருவியில் விழாது. ஏற்காட்டில் மேகம் இறங்கிவிட்டால் கண்ணுக்கும் வேலை இல்லை. அன்றைக்கு மூட்டை கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

உங்கள் இலுப்பை மரத்து ஆட்கள் வேறு ஜாதி. அவர்களுக்கு இந்த ஒலி வித்தை கிடையாது. கண்ணும் மூக்கும்தான். பகலிலேயே கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டு எண்ணலாம்.

யாருக்குப் பயன் என்று கேட்டீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் எலி, காக்கையோடு சேர்த்துத் ‘தொல்லை தரும் உயிர்கள்’ பட்டியலில் இருந்தன. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியலே போனது. ஐம்பது வருடம் எலியோடு எலியாக வைத்திருந்ததை யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்? உங்கள் தாத்தா சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் வானம் கறுக்க ஐந்நூறு வேண்டுமா, ஐயாயிரம் வேண்டுமா? தாத்தா ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் இன்றைக்கு நாம் இருவரும் இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

எண்ணுவது மட்டுமில்லை, உற்றுப் பார்ப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1948இல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு வௌவாலைப் பிடித்து அனுப்பினார். குட்டை மூக்குப் பழ வௌவால், ஊரெல்லாம் இருப்பதுதானே என்று சீட்டு ஒட்டி மும்பை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து வௌவால் ஆய்வாளரான கிட்டி தொங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்தபோதுதான், உலகத்துக்கே புதிய பேரினம் என்று தெரிந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் மலை வௌவால், கால் நூற்றாண்டு தப்பான பெயரில் கிடந்திருக்கிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மலையேறும்போது அந்த நினைப்பு மட்டும் கூடவே வரும்.

மாம்பழ விஷயத்தில் ‘வௌவால் விவசாயியின் நண்பன்’ என்று பஸ் ஸ்டாண்டு போஸ்டர் மாதிரி உங்களிடம் பேசப் போவதில்லை. நஷ்டம் உங்களுடையது. மரத்திலேயே பழுக்க விட்டதைத்தான் அது அதிகம் தேடி வரும். காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்க வைப்பதற்கு அவ்வளவு சேதம் இருக்காது. வலை போடுவதானால் இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று தொங்கும் நைலான் வலையில் வௌவால் மட்டுமில்லை, கிளியும் ஆந்தையும் மாட்டிச் சாகும்.

நிபா பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அது பரவியதைப் பார்த்தோம். பழந்தின்னி வௌவால்களிடம் அந்தக் கிருமி இருப்பது உறுதியான விஷயம். ஆனால் மரத்தை வெட்டினால் வௌவால் மறைந்துவிடாது. கலைந்து அடுத்த மரத்துக்குப் போகும். அது உங்கள் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கலாம். கடித்த பழத்தைத் தின்னாமல், விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாமல் இருந்தால் பாதிக்கு மேல் காரியம் முடிந்தது. வங்கதேசத்தில் ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்துத்தான் பலருக்கு வந்தது. உங்கள் பக்கம் பதநீர் இறக்குபவர்கள் இருந்தால் பானையை மூடிக் கட்டச் சொல்லுங்கள்.

தை மாதம் சேலம் வருகிறேன். உங்கள் மரத்தை ஒரு நாள் எண்ணிப் பார்ப்போம். பழந்தின்னி வௌவால் வருடத்துக்கு ஒரே குட்டிதான் போடும். பிறந்த குட்டியைச் சுமக்கும் சமயத்தில் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது, அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பகலில் ஒரு முறை, அந்தியில் ஒரு முறை. ஒரு நோட்டும் பேனாவும் நீங்கள் கொண்டுவாருங்கள், அது உங்களிடமே இருக்கட்டும். தலைக்கு ஒரு துண்டும் வேண்டும். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற வேலை, ஏன் என்று அங்கே வந்ததும் தெரியும்.

அன்புடன்