உயரமான அலுவலகக் கட்டடத்தில் ஜன்னலைத் திறக்க முடியுமா?

தாராளமாக முடியும். சிக்கல் காற்றின் வேகம்தான். மேலே போகப்போக அது கூடும். இன்னொன்று, குளிர்காலத்தில் உள்ளிருக்கும் வெப்பக்காற்று புகைபோக்கியில் ஏறுவதுபோல மேலேறி, கீழ்த்தளக் கதவுகளையே திறக்கவிடாமல் இழுக்கும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 1997-இல் கட்டி முடித்த 259 மீட்டர் உயர காமர்ஸ்பேங்க் கோபுரத்தைப் பாருங்கள். அதற்கு இரட்டை முகப்பு, அதாவது வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு கண்ணாடி அடுக்குகள். வெளிக்கண்ணாடி காற்றின் வேகத்தைத் தணிக்கிறது. உள்ஜன்னலை ஊழியர்களே திறக்கலாம். வானிலை மோசமானால் கட்டுப்பாட்டுக் கணினி இயந்திரக் காற்றோட்டத்துக்கு மாற்றிவிடும்.

பொதுவாக இத்தகைய அமைப்புகளின் சென்சார்கள் மழை, காற்று, வெப்பநிலை, கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் கவனிக்கும். அப்புறம், கோடை இரவுகளில் ஜன்னல்களைத் தானாகத் திறந்து கான்கிரீட்டைக் குளிர வைத்தால் மறுநாள் ஏசி சுமை குறையும். ஆனால் முழுவதையும் கணினியிடம் விடக்கூடாது என்பேன். தன் கையால் ஜன்னலைத் திறக்க முடிகிறவர், கொஞ்சம் கூடுதல் வெப்பத்தையும் பொறுத்துக்கொள்கிறார்.