பழ ஈ: தோப்பிலும் கூண்டிலும் – கேள்வி பதில்

பழ ஈக்களின் நடத்தையும் வயதும் என் ஆய்வுத் துறை. மாம்பழ சீசன் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. என் துறைக்குள் வருபவற்றுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: உதிர்ந்த பழத்தை மரத்தடியில் கிடக்க விடாதீர்கள்.

கேள்வி (மா விவசாயி, கிருஷ்ணகிரி): மேடம், பங்கனப்பள்ளி பழுக்கும் நேரத்தில் உள்ளே புழு வைக்கிறது. கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறேன். டப்பா நிறைய ஈ விழுகிறது, ஆனாலும் பழம் கெடுகிறது. மருந்து போலியா?

பதில்: மருந்து போலி இல்லை ஐயா. டப்பாவில் விழுந்தது அத்தனையும் ஆண் ஈ. அதில் இருக்கும் மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் ஆணை மட்டும்தான் இழுக்கும். பழத்தைக் குத்தி முட்டை வைப்பது பெண். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், அதனால் பத்தில் ஒன்பது ஆணைப் பிடித்தாலும் மிச்சமிருக்கும் ஒன்றே போதும். பக்கத்துத் தோப்பில் இணைசேர்ந்த பெண் பறந்து வந்துவிட்டால் உங்கள் பொறிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆண்களை மட்டும் ஒழித்து ஈயையே ஒழித்த இடம் உண்டு. பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவில் 1960களில் மீத்தைல் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுக்கப் போட்டார்கள். சுற்றிலும் கடல், வெளியிலிருந்து ஈ வர வழியில்லை, அதனால் பலித்தது. கிருஷ்ணகிரியில் ஒருவர் மட்டும் கட்டினால் பலிக்காது. ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் கட்ட வேண்டும்.

முற்றிய காய் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டூசி முனை அளவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒட்டும் கசிவு தெரியும். அந்த இடத்தில் தோலை மெல்லச் சீவினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை முட்டைகள் கொத்தாக இருக்கும். ஓரிரு நாளில் பொரிந்து சதைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு மேலே எதைத் தெளித்தாலும் புழுவைத் தொடாது. வளர்ந்த புழு உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். பழம் உதிர்வது அதற்கு இன்னும் வசதி. நீங்கள் பொறுக்காமல் விடும் ஒவ்வொரு பழமும் அடுத்த மாதத்து ஈ.

பெண்ணைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. மண்ணிலிருந்து வெளிவந்த பெண் ஈயால் உடனே முட்டை வைக்க முடியாது. சூல் முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குப் புரதம் வேண்டும். அந்த நாள்களில் அது புரதத்தைத் தேடி அலையும். புரதக் கரைசலோடு பூச்சிமருந்து கலந்து, பழத்தில் படாமல், அங்கங்கே இலையில் மட்டும் தெளிப்பது அந்தப் பசியை நம்பித்தான். வெல்லத்தில் புரதம் கிடையாது, வெல்லத் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டு, அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு தெளியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): துளசியைக் கசக்கி வைத்தாலே ஈ வருகிறது என்கிறார்களே அக்கா, உண்மையா?

பதில்: உண்மைதான். துளசியில் மீத்தைல் யூஜினால் உண்டு. இலை வாடினால் வீரியம் போய்விடும், அதனால் தினம் மாற்ற வேண்டும்.

இந்தக் கவர்ச்சியே நம் நாட்டில் கண்டறியப்பட்டதுதான். பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் இருந்தார். கொசுவுக்காகச் சிட்ரொனெல்லா எண்ணெய் பூசிய இடத்துக்குப் பழ ஈக்கள் வருவதையும், வந்தவை எல்லாம் ஆண் என்பதையும் கவனித்து 1912இல் எழுதினார். எண்ணெயில் உள்ள பொருள்களைப் பிரித்துப் பார்த்து, 1915இல் மீத்தைல் யூஜினால்தான் காரணம் என்றார். ஆண் ஏன் இதற்கு இப்படிப் பித்தாகிறது என்பது பல பத்தாண்டு கழித்துத்தான் துலங்கியது. ஆண் அதைத் தின்று, உடலுக்குள் மாற்றி, மலக்குடல் சுரப்பியில் சேர்த்து, அந்தி நேரத்தில் பெண்ணை அழைக்கும் மணமாக வெளிவிடுகிறது. தின்ற ஆணைப் பெண் அதிகம் ஏற்கிறது.

கேள்வி: சமையலறையில் வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈயும் இதுதானா?

பதில்: இல்லை. அது டிரோசோஃபிலா, வேறு குடும்பம். நல்ல காயைத் துளைக்காது, புளித்த பழத்தில் வளரும் ஈஸ்டுக்காக வரும். ஒரு கிண்ணத்தில் வினிகர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு. போதும்.

கேள்வி (விலங்கியல் மாணவி, மதுரை): மேடம், பழ ஈயின் ஆயுள் பற்றிய ஜேம்ஸ் கேரியின் ஆய்வைப் பாடத்தில் ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன் அம்மா.

வயது ஏற ஏறச் சாகும் வாய்ப்பு பெருக்கல் கணக்கில் ஏறும் என்று 1825இல் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் சொன்னார். ஒவ்வோர் உயிரினத்துக்கும் தாண்ட முடியாத ஆயுள் எல்லை உண்டு என்ற நம்பிக்கையும் அதோடு ஒட்டிக்கொண்டது. சில நூறு பூச்சிகளை வைத்து அதைச் சோதிக்க முடியாது. முதிர்ந்த வயதில் நாலைந்துதான் மிஞ்சும், அதில் விகிதம் எடுப்பது வீண்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கேரி, மெக்சிகோவில் மெட்டாபா என்ற ஊரில் இருந்த மலட்டு ஈ உற்பத்திக்கூடத்துக்குப் போனார். அங்கே மத்திய தரைக்கடல் பழ ஈக்களை மலடாக்கி, காட்டு ஈக்களோடு இணைசேர்ந்து முட்டை பொரியாமல் போகும்படி வெளியே விடுவதற்காக மலைமலையாக வளர்த்தார்கள். கூண்டுக்கு 7,200 வீதம் 12 லட்சம் ஈக்களை வளர்த்து, தினமும் செத்தவற்றை எடுத்து எண்ணினார்கள். 1992இல் வெளிவந்த முடிவு இதுதான்: மிக முதிர்ந்த வயதில் இறப்பு விகிதம் ஏறவில்லை. சமமாகி, பிறகு இறங்கியது. இத்தனை நாளுக்கு மேல் ஒன்றுகூட இருக்காது என்று சொல்ல ஒரு சுவர் தென்படவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர், சென்னை): மன்னிக்கவும், இதை நான் ஏற்கவில்லை. நோஞ்சான்கள் முதலில் சாகும், மிஞ்சுபவை திடமானவை. தனித்தனி ஈ ஒவ்வொன்றுக்கும் சாவு வாய்ப்பு ஏறிக்கொண்டே போனாலும் கூட்டத்தின் சராசரி தட்டையாகத் தெரியும். தவிர, சாகச் சாகக் கூண்டில் நெரிசலும் குறைகிறது.

பதில்: நெரிசலுக்கு அந்தக் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது ஐயா. சுமார் 48,000 ஈக்களைத் தனித்தனியாக அடைத்தும் பார்த்தார்கள். அங்கேயும் முதிர்ந்த வயதில் அதே போக்கு. நோஞ்சான் வாதம் பலமானது. அதே ஆண்டு கர்ட்சிங்கர் என்ற இன்னோர் ஆய்வாளரின் குழு, மரபில் ஒன்றுபோல் இருக்கும் டிரோசோஃபிலாக்களை வைத்துப் பார்த்தது. அவற்றிலும் கடைசியில் வேகம் குறைந்தது.

அதே பேராசிரியர்: மரபு ஒன்றானால் உடம்பும் ஒன்றாகிவிடுமா? புழுவாக இருந்தபோது ஒன்றுக்கு நல்ல தீனி, இன்னொன்றுக்கு அரைவயிறு.

பதில்: சரிதான், அதை மறுக்க முடியாது. கூட்டத்தின் வளைகோட்டை வைத்துக்கொண்டு தனி ஈயின் உடம்புக்குள் நடப்பதைப் படிக்க முடியாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் நிலையான ஆயுள் எல்லை என்ற பேச்சு, எந்த விளக்கத்தை எடுத்தாலும் அந்தத் தரவின் முன் நிற்கவில்லை.

தனி ஈயைப் பார்க்கும் வழியையும் கேரியின் கூட்டாளிகளே காட்டினார்கள். பாப்படோபூலோஸ் முதலானோர் 2002இல் எழுதியது. வயதான ஆண் ஈ சில நாள்களில் மல்லாந்து கிடக்கும். பார்த்தால் செத்ததுபோல இருக்கும். தூரிகை முனையால் தொட்டால் புரண்டு எழுந்து நடக்கும், தின்னும், கால்களைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளும், பிறகு மறுபடி மல்லாக்கும். இது தொடங்கினால் சராசரியாகச் சுமார் 16 நாளில் சாவு. பிறந்து எத்தனை நாள் என்பதைவிட, மல்லாக்க ஆரம்பித்ததா என்பது மிச்ச ஆயுளை நன்றாகச் சொன்னது.

கேள்வி (தேனி): மேடம், ஈ எப்போது சாகும் என்பதா முக்கியம்? எங்கள் தோப்பு போகிறது. மாம்பழப் புழுவுக்கு என்ன தெளிக்கலாம்?

பதில்: தெளிப்பு பற்றி முதல் பதிலில் இருக்கிறது. உங்கள் தோப்பு போவதே ஈயின் வயதால்தான் என்பதால் இதைச் சொல்கிறேன். நேற்று மண்ணிலிருந்து வந்த பெண்ணால் உங்களுக்கு நஷ்டம் இல்லை, இரண்டு வாரம் பிழைத்த பெண்ணால்தான் நஷ்டம். டெங்கு பரப்புவதும் வயதான கொசுதான். எத்தனை ஈ என்று மட்டும் எண்ணினால் பாதி விஷயம்தான் தெரியும்.

காட்டு ஈயின் வயதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பிடித்து வந்து, கூண்டில் இன்னும் எத்தனை நாள் வாழ்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், மொத்தக் கூட்டத்தின் வயதுக் கணக்கு கிடைக்கும் என்று கேரி காட்டினார். எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் இருக்கும் கூட்டத்தில் வாழ்ந்த நாள்களின் பரவலும் வாழப்போகும் நாள்களின் பரவலும் ஒன்றே. கிரேக்க நாட்டில் காட்டு ஈக்களைப் பிடித்து இந்த வழியில் ஆராய்ந்தார்கள். பேராசிரியர் ஐயா, 'ஏறாமல் இறங்காமல்' என்ற நிபந்தனை சீசனில் பொருந்தாது என்று எழுதப்போகிறீர்கள். அதற்கான திருத்தங்களையும் செய்திருக்கிறார்கள்.

கேள்வி (கலிபோர்னியா): இங்கே ஈயை ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்கிறார்கள், மறுபடி வருகிறது. யார் சொல்வது சரி?

பதில்: ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து புதிதாக வருகிறது என்பது அரசுத் தரப்பு. கண்ணுக்குத் தட்டாத அளவில் ஈ அங்கேயே தங்கிவிட்டது என்று கேரி 1991 முதல் வாதிட்டார். 2013இல் பாப்படோபூலோஸ், பிளான்ட் இருவரோடு சேர்ந்து விரிவாகவும் எழுதினார். ஒரே பகுதிகளில் திரும்பத் திரும்பப் பிடிபடுவதைப் பார்க்கும்போது கேரியின் வாதத்துக்கே என் மனம் சாய்கிறது. அதற்காக, வெளியிலிருந்து வரும் பழங்களைச் சோதித்துத் தடுப்பது வீண் என்று ஆகாது. 2024 தொடக்கத்தில் ரெட்லாண்ட்ஸ் நகரில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளின் மரங்களிலிருந்து பழங்களை அகற்றினார்கள். அங்கே வந்தது நம் மாம்பழ ஈதான். ஊரிலிருந்து போகும்போது பெட்டியில் மாம்பழம் வைக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): பொறி கட்டியும் புழு வருகிறது, ஏன்?

பதில்: முதல் பதில்.

கேள்வி (திண்டுக்கல்): மாம்பழத்துக்கு நல்ல மருந்து ஒன்று சொல்லுங்கள்.

பதில்: முதல் பதிலை முழுக்கப் படியுங்கள். தெளிப்புக்கு முன்னால் மரத்தடியைச் சுத்தம் செய்யுங்கள். இதை இன்று எத்தனை பேர் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி (திண்டிவனம்): பொறுக்கிய பழத்தை எருக்குழியில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. எருக்குழியே ஈப் பண்ணையாகிவிடும். தடித்த பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில நாள் போடுங்கள். ஹவாயில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். பழங்களைக் கூடாரத்துக்குள் கொட்டுவார்கள். அதன் வலைக்கண் ஈ வெளியேற முடியாத அளவு சிறியது, ஈயின் முட்டையையும் புழுவையும் தாக்கும் குளவிகள் மட்டும் வெளியே போகலாம். ஈ உள்ளே சாகும், குளவி தோப்புக்குத் திரும்பும்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): பாகல் பந்தலில் மாம்பழப் பொறி கட்டினேன், ஒன்றும் விழவில்லை.

பதில்: விழாது தம்பி. பாகல், புடலை, பீர்க்கை எல்லாவற்றிலும் வருவது பூசணி ஈ. அதற்குக் க்யூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். கடையில் பெயர் சொல்லி வாங்குங்கள். ஜப்பானின் ஓகினாவாத் தீவுகளில் இந்த ஈயால் பாகற்காயைப் பிற பகுதிகளுக்கு அனுப்பவே தடை இருந்தது. 1972இல் வேலை தொடங்கி, சுமார் 5,300 கோடி மலட்டு ஈக்களை விட்டு, 1993இல் முழுக்க ஒழித்தார்கள். உங்கள் பந்தலில் க்யூலூர் பொறியோடு, குத்துப்பட்டு வளைந்த பிஞ்சுகளைத் தினம் பறித்துப் பையில் கட்டுங்கள்.