லிங்க் எரிந்தது, எரித்தது எது?

வாசகர் கேள்விகளுக்கு எங்கள் வாகன மின்பிரிவினரின் பதில்கள்

கேள்வி: பேட்டரி மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டது. பொறி பறந்ததும் எடுத்துவிட்டேன். சரியாக மாட்டியபின் செல்ஃப் அடிக்கிறது, வண்டியும் கிளம்புகிறது. ஆனால் பேட்டரி விளக்கு அணையவில்லை, சார்ஜும் ஏறவில்லை. சின்ன ஃபியூஸ்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பானட்டுக்குள் இருக்கும் பாக்ஸில் 120 என்று எழுதிய பெரிய கட்டை ஒன்று, எவ்வளவு இழுத்தும் வரமாட்டேன் என்கிறது.

முதலில், இழுப்பதை நிறுத்துங்கள். அது ஃபியூசிபிள் லிங்க், அதாவது பெரிய மின்னோட்டத்துக்கான ஃபியூஸ். சின்ன ஃபியூஸைப் போலச் செருகி வைத்தது அல்ல. அடியிலிருந்து போல்ட் போட்டு இறுக்கியது. பிளையரால் பிடித்து ஆட்டினால் கட்டை வராது, பாக்ஸ்தான் விரியும். பாக்ஸ் விரிந்தால் ஹார்னஸோடு (ஒயர்க் கட்டோடு) சேர்த்து மாற்ற வேண்டிய செலவு வந்து நிற்கும்.

நடந்தது இதுதான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும். பேட்டரியைச் சரியாக மாட்டியிருக்கும்போது அவை அடைத்த கதவு. பிளஸ், மைனஸ் மாறினால் அத்தனை கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். பேட்டரி நேராக எர்த்தில் ஷார்ட் ஆனதற்குச் சமம். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய, நடுவில் நின்ற 120 ஆம்பியர் ஃபியூசிபிள் லிங்க் உருகியது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள் பெரும்பாலும் இந்த லிங்க் வழியாகப் போவதில்லை. அதனால்தான் வண்டி கிளம்புகிறது.

இஞ்சின் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பேட்டரியில் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸை முதலில் தொட்டால், ஸ்பானரின் மறுமுனை பாடியில் பட்ட கணமே இன்னொரு ஷார்ட். அடுத்து பிளஸையும் கழற்றுங்கள். லிங்க்கின் ஒரு கால் நேராக பேட்டரி பிளஸோடு சேர்ந்தே இருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில், கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்துவிட்டுத் தொடருங்கள்.

ஃபியூஸ் பாக்ஸைத் தாங்கும் போல்ட், கிளிப்புகளை விடுவித்து, பாக்ஸைத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்தால் அடிமூடி தெரியும். அதன் பல்லுகளை ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் வெயிலிலும் இஞ்சின் சூட்டிலும் மொறமொறப்பாகியிருக்கும், அவசரம் ஆகாது. உள்ளே லிங்க்கின் இரண்டு கால்களிலும் வளைய டெர்மினல்கள் போல்ட்டில் இறுகியிருக்கும். பெரும்பாலும் 10 மி.மீ. தலை, சில வண்டிகளில் நட்சத்திர ஸ்க்ரூ, அதுவும் மேலிருந்தே கழற்றும்படி இருக்கும். எந்த ஒயர் எந்தக் காலில், எந்தக் கோணத்தில் இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்புறம் ஸ்பானரைத் தொடுங்கள். போல்ட் உள்ளே விழாமலிருக்க காந்த முனை உள்ள டிரைவரோ, சாக்கெட்டுக்குள் ஒரு துளி கிரீஸோ போதும். போல்ட் இரண்டும் வந்தபின், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டை மெல்லிய டிரைவரால் விலக்கி, கட்டையை மேல்பக்கமாக உருவ வேண்டும்.

புதியதைப் போடுமுன் ஒரு சோதனை. இதை விட்டால் புதிய லிங்க்கும் போய்விடும். ஆல்டர்னேட்டரின் தடித்த பிளஸ் ஒயர் தனித்து நிற்கும்போதே மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை அந்த ஒயரில், கறுப்பு முனை இஞ்சின் பாடியில்: மீட்டர் ஒன்றும் காட்டக்கூடாது. முனைகளை மாற்றிப் பிடியுங்கள்: ஏறக்குறைய 0.8 முதல் 1 வோல்ட் காட்ட வேண்டும், ஏனென்றால் வழியில் இரண்டு டயோடுகள் வரிசையாக இருக்கின்றன. அதற்குப் பதிலாக 0.4, 0.5 என்று நின்றால் இரண்டில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. இரு பக்கமும் பூஜ்யம் காட்டினால் ஆல்டர்னேட்டரைப் பார்க்காமல் லிங்க் போடுவது வீண்.

சோதனையில் தேறினால் புதியதை உட்கார வைத்து, இரண்டு போல்ட்டையும் முதலில் கையாலேயே சுற்றுங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கால் கோணலாக நிற்கும். இறுக்கம் எவ்வளவு என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். குட்டை ஸ்பானரில் மணிக்கட்டு பலம் மட்டும் என்பது கைக்கணக்கு. உள்ளே நட்டைப் பிடித்திருப்பது வெறும் பிளாஸ்டிக், மிஞ்சினால் நட்டோடு சேர்ந்து சுற்றும். பேட்டரியில் பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் வேலை முடிந்தது. கடிகாரம், கண்ணாடியின் தானியங்கி இறக்கம் போன்றவற்றை மறுபடி அமைக்க வேண்டிவரும். அது கோளாறு அல்ல.

கேள்வி: ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. லிங்க்கின் இரண்டு பக்கமும் மீட்டரில் 12 வோல்ட் சுத்தமாகக் காட்டுகிறது. அப்படியென்றால் லிங்க் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் கொசு குடிக்கும் ரத்தம் அளவு. உள்ளே தகடு மயிரிழை அளவுக்கு வெடித்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு 12 வோல்ட் வந்துவிடும். ஃபேனுக்கு 15 ஆம்பியர் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

ஃபேனை ஓடவிட்டு, அதாவது ஓடவேண்டிய நிலையில் வைத்து, மீட்டரின் ஒரு முனையை லிங்க்கின் ஒரு காலிலும் மறுமுனையை மற்ற காலிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் லிங்க்கைக் குறை சொல்லாதீர்கள். ரிலே (ஃபேனை இயக்கும் மின்சுவிட்ச்), மோட்டார், எர்த் என்று அடுத்த இடத்துக்குப் போங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் லிங்க்கோ அதன் காலோ கெட்டிருக்கிறது. 12 வோல்ட்டும் அங்கேயே நின்றால் அறுந்தே போயிருக்கிறது. மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எர்த்துக்கும் லிங்க்கில் ஃபேன் பக்கம் இருக்கும் காலுக்கும் இடையே கொடுத்துப் பார்க்கலாம். பல்பு மங்கினால் விடை கிடைத்துவிடும்.

கழற்றிய லிங்க்கைக் குப்பையில் போடுமுன் கண்ணாடிபோல் தெரியும் அதன் மூடியைப் பாருங்கள். மூடியின் உட்புறம் கறுத்து, உலோகத் துளிகள் தெறித்திருந்தால் அது நேர் ஷார்ட். தகடு நடுவில் மட்டும் நிதானமாக உருகிப் பிரிந்து, மூடி பழுப்பேறியிருந்தால் அதிக லோடு வெகுநேரம் ஓடியிருக்கிறது. தகடு எந்தச் சூட்டுத் தடமும் இல்லாமல் மெல்லிய கோடாக விரிசல் விட்டிருந்தால் வயசு. சூடாகி, ஆறி, சூடாகி ஆறி சோர்ந்துபோனது. இந்த மூன்றாவதில் மட்டும்தான், வேறெதையும் தேடாமல் புதியதைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

கேள்வி: அதே ஃபேன் லிங்க், 40 ஆம்பியர், பச்சை நிறம். ஒரே மாதத்தில் இரண்டு முறை போய்விட்டது. 60 ஆம்பியர் மஞ்சளைப் போட்டால் தாங்குமா?

லிங்க் தாங்கும், ஒயர் தாங்காது. லிங்க்கின் எண் மோட்டாருக்காக வைத்தது அல்ல, அதற்குப் பின்னால் ஓடும் ஒயரின் தடிமனுக்காக வைத்தது. 60 போட்டால், உருக வேண்டிய வேலையை ஹார்னஸுக்குள் இருக்கும் ஒயர் செய்யும். அதுவும் பத்து ஒயர்களோடு கட்டிவைத்த இடத்தில்.

இந்த வகைப் பெட்டி லிங்க்குகளில் வழக்கமான நிறங்கள்: 30 இளஞ்சிவப்பு, 40 பச்சை, 50 சிவப்பு, 60 மஞ்சள். நிறம் மங்கியிருக்கலாம், தலையில் உள்ள எண்ணையும் மூடியின் உட்புறப் படத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரம் குறைந்த வகையும் உயர்ந்த வகையும் ஒரே எண்ணில் வரும். ஒன்றின் இடத்தில் மற்றது சரியாகக் கவ்வாது. அதே எண்ணுள்ள சாதாரண ஃபியூஸைப் பொருத்தும் யோசனையும் வேண்டாம். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். லிங்க் அதைப் பொறுத்துக்கொண்டு, அது நீடித்தால் மட்டுமே உருகும்படி செய்யப்பட்டது. சாதாரண ஃபியூஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இரண்டு முறை போனதற்குப் பெரும்பாலும் காரணம் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து இறுகுவது. இஞ்சின் ஆறியிருக்க, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். தானாக ஒன்றிரண்டு சுற்றாவது ஓடி நிற்க வேண்டும். அரைத்துக்கொண்டு உடனே நின்றால் மோட்டார் முடிந்தது. நன்றாகச் சுற்றுகிறதென்றால் ஒயர் எங்காவது உரசியிருக்கும். மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மைனஸை மறுபடி மாட்டி, லிங்க் இருக்கும் இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை ஒயர் வைத்து இணையுங்கள். ஃபேன் ரிலே இயங்கும் நிலையில் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட். அதிகபட்சம் ஏறக்குறைய 4.5 ஆம்பியர்தான் ஓடும் என்பதால் ஒன்றும் எரியாது. பல்பு எரிந்துகொண்டிருக்க, ஹார்னஸை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு அணைந்த இடத்தில்தான் தோல் உரிந்த ஒயர். லிங்க் லிங்க்காக எரித்துத் தேடுவதைவிட இது மலிவு.

கேள்வி: பழைய வண்டி. பாக்ஸில் லிங்க் இல்லை. செல்ஃப் மோட்டாரின் பக்கத்தில் தடித்த தோலோடு ஒரு சிறு ஒயர்தான் லிங்க் என்கிறார்கள். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கிறது.

பார்க்காதீர்கள், இழுத்துப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால், உள்ளே உருகியது ரப்பர் பட்டைபோல் நீளும். அதன் தோல் தீப்பற்றாமல் உப்பும் வகை. செம்பு போனாலும் தோல் நிற்கும்.

இதை மாற்றும்போது நடக்கும் பெரிய தவறு, கையில் கிடைத்த ஒயரைப் போடுவது. லிங்க் ஒயர், தான் காக்கும் ஒயரைவிட நான்கு கேஜ் (ஒயர் தடிமன் எண்) மெல்லியதாக இருக்க வேண்டும். 5 சதுர மி.மீ. ஒயருக்கு 2 சதுர மி.மீ. லிங்க் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒயரின் பிவிசி தோல் அந்தச் சூட்டில் சொட்டி எரியும், ஆகவே லிங்க்குக்கென்றே விற்கும் ஒயரை மட்டும் வாங்குங்கள். நீளம் பழையதன் அளவே, எப்படியும் 225 மி.மீ.க்கு மேல் வேண்டாம். தோலின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை நம்பாமல் தோலில் அச்சிட்ட அளவைப் படியுங்கள்.

பழையதை இணைப்புக்கு அப்பால் வெட்டி, நல்ல செம்பு தெரியும்வரை தோலை உரியுங்கள். தோலில்லாத செம்புக் குழாயில் இரண்டையும் செருகிக் கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கி இறுக்கி, அதன்மேல் ரோசின் ஈயத்தால் சால்டர் வையுங்கள். ஆசிட் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கப் பூசும் பசை) கூடாது, சில மாதத்தில் பச்சையாக அரித்துவிடும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) இணைப்பின்மீது மட்டும். லிங்க் முழுவதையும் மூடிக் கட்டினால் சூடு வெளியேறாமல் தேவையில்லாமல் உருகும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லிங்க்கின் வேலையே சூடாவது.

கேள்வி: அவசரத்துக்கு லிங்க் இருந்த இடத்தில் ஒயரைச் சுற்றிவிட்டு ஓட்டலாமா?

கூடாது. ஆல்டர்னேட்டருக்கான சார்ஜ் லிங்க் மட்டும் போயிருந்தால் ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடி சூடேற்றி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பகலில், பேட்டரியில் இருப்பதைக்கொண்டு அருகில் உள்ள பட்டறைவரை போகலாம். நடுவில் இஞ்சினை நிறுத்தாதீர்கள். மற்ற லிங்க்குகள் போனால் வண்டியைத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: லிங்க் அறுந்து போகவில்லை. ஆனால் ஒரு காலின் பக்கம் பிளாஸ்டிக் உருகி, கட்டை கோணலாகிவிட்டது. லோடு அதிகமா?

லோடு அதிகமென்றால் நடுத்தகடு முதலில் போயிருக்கும். ஓரத்தில் சூடு என்றால் லூஸ் கான்டாக்ட். 50 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.02 ஓம் தடை சேர்ந்தாலே 50 வாட் சூடு, ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. இங்கே லிங்க்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் உருகும். போல்ட் வகையென்றால் வளைய டெர்மினலை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். செருகு வகையென்றால் உள்ளே கவ்வும் தகடு சூட்டில் துள்ளல் இழந்திருக்கும். நோஸ் பிளையரால் அமுக்கி இறுக்குவது சில வாரத்துக்குத்தான் நிற்கும். பாக்ஸின் அடியிலிருந்து காலைக் கவ்வும் அந்த டெர்மினலைப் பூட்டு விலக்கி உருவி, பத்து மி.மீ. நீள ஒயரோடு வெட்டி, அதே அளவு புதிய டெர்மினலைக் கிரிம்ப் செய்து ஏற்றுங்கள். ஒயரின் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை இன்னும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். கறுத்த செம்பில் போட்ட கிரிம்ப் மறுபடியும் சூடாகும்.