துப்பறியும் கதை பிடித்தவருக்கு நுவார் ஏன் கசக்கிறது?

ராஜேஷ்குமார் நாவல்களை ஒரே மூச்சில் படித்துவிடும் எனக்கு நுவார் கதைகள் (மனிதரின் சரிவையும் கசப்பான முடிவையும் சொல்லும் இருண்ட குற்றக்கதைகள்) மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குறை உங்கள் ரசனையில் இல்லை; இரண்டும் வாசகருக்குத் தரும் வாக்குறுதியே வேறு.

துப்பறியும் கதையில் குற்றம் ஒரு முடிச்சு. அது அவிழ்ந்ததும் உலகம் பழைய ஒழுங்குக்குத் திரும்புகிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ இவ்வகைதான்: நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு உண்மையை வெளிக்கொணர்கிறார், நாமும் நிம்மதியாக எழுந்து போகிறோம். நுவாரில் அந்த நிம்மதி கிடையாது. பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்த அமெரிக்க எழுத்தாளர் டேஷியல் ஹாமெட் 1930-இல் நூலாக வெளியிட்ட ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலில், எல்லோரும் துரத்திய பொற்சிலை போலியென்று தெரிகிறது; கொலையாளி அகப்பட்ட பிறகும் துப்பறிவாளருக்கு மிஞ்சுவது கசப்பே.

ஏற்காட்டு மூடுபனியும் தனி பங்களாவும் இருந்தால் நுவார் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பேய்க்கதைக்கே பொருத்தமாகத் தோன்றுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியொன்றில் மகள் திருமணக் கடனுக்காக மூட்டைக் கணக்கில் ஓர் எண்ணைத் திருத்தும் கணக்குப்பிள்ளை, அதை மறைக்க இன்னொன்றையும், பிறகு அதைப் பார்த்துவிட்ட சுமைதூக்கியின் வாயை அடைக்க வேறொன்றையும் செய்யத் துணிவாரானால், பட்டப்பகலிலேயே நுவார் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, ‘யார் செய்தார்’ என்பதைப் புதிராக வைக்காத, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் கெய்ன் வகைக் கதைகளை இப்போதைக்குத் தள்ளிவைத்து, புதிரும் கசப்பும் கலந்த ஹாமெட்டிலிருந்து தொடங்குங்கள்.