ஆள் பெரியவர், வேலை சிறியது: எடுக்கலாமா, வேண்டாமா? (கேள்வி பதில்)

ஆரம்பநிலை வேலைக்கு ஆள் தேடும்போது பத்துப் பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களும் பெரிய படிப்புப் படித்தவர்களும் விண்ணப்பித்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நல்லவர்கள் காரணமே இல்லாமல் கழித்துக்கட்டப்படுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என்னுடையது பன்னிரண்டு பேர் உள்ள சிறிய அலுவலகம். கணக்குப் பிரிவில் உதவியாளர் வேண்டும். பில் பதிவது, வவுச்சர் சரிபார்ப்பது, அவ்வளவுதான். வந்த ரெஸ்யூம்களில் ஒன்று, பதினான்கு வருடம் கணக்குப் பிரிவு மேனேஜராக இருந்தவருடையது. "மூன்று மாதத்தில் ஓடிவிடுவார், தொடவே தொடாதீர்கள்" என்கிறார்கள் எல்லோரும். என்ன செய்ய?

அவரைத் தவிர எல்லோரிடமும் கேட்டிருக்கிறீர்கள். அவரிடமும் கேட்டுவிடுங்கள்.

ஓடிவிடுவார் என்பது ஓர் ஊகம். ஃப்ரெஷர்களும் வருடம் முடிவதற்குள் போகிறார்கள், ஆனால் அதை யாரும் "தகுதி குறைவால் போனார்" என்று சொல்வதில்லை. ஒருவர் தங்குவதும் போவதும் அவர் எதற்காக இறங்கி வருகிறார் என்பதைப் பொறுத்தது. அந்தக் காரணம் ரெஸ்யூமில் இருக்காது.

எனக்கு நடந்த இரண்டைச் சொல்கிறேன். ஒரு கிடங்கு முழுவதையும் நிர்வகித்தவர், சரக்கு வரவைப் பதிவு செய்யும் வேலைக்கு வந்தார். கோப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே, "ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்றுதானே யோசிக்கிறீர்கள்?" என்றார். நாற்பது பேரின் லீவுக்கும் சண்டைக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். அப்பாவுக்குப் பக்கவாதம், தினமும் மாலை ஆறு மணிக்கு அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். "ஐந்தரைக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போகிற வேலை வேண்டும், மேடம். அதுதான் எனக்கு இப்போது பெரிய பதவி" என்றார். நான்கு வருடம் இருந்தார். அவர் இருந்தவரை அந்தப் பதிவேட்டில் ஒரு எண் தப்பியதில்லை.

இன்னொருவரை அதே வருடம் எடுத்தேன். அனுபவத்தைப் பார்த்து மயங்கிப்போய், ஏன் வருகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. ஏழாவது வாரம் ராஜினாமா. பழைய பதவிக்குச் சமமான இடம் கிடைக்கும்வரை ஒதுங்க ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது அவருக்கு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆகவே அந்தத் தவறு என்னுடையது.

கேள்வி: கேட்கலாம்தான். ஆனால் "உங்களுக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்டால் அவமானப்படுத்துவது போல இருக்காதா?

கேட்கிற விதத்தில் இருக்கிறது. நான் கேட்பது இப்படி: "உங்கள் அனுபவம் இந்த வேலைக்குத் தேவையானதைவிட அதிகம். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆனால் இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்தால் நல்லது." பெரும்பாலானவர்களுக்கு இது நிம்மதியையே தருகிறது. வேறு இடங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்காமலே கழித்திருப்பார்கள்.

அப்புறம் வேலையை அழகுபடுத்திச் சொல்லாதீர்கள். அதன் சலிப்பான பக்கத்தை முதலில் சொல்லுங்கள். "ஒரு நாளைக்கு இருநூறு பில். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மாதக் கடைசியில் இன்னும் கூடும். முதல் ஒரு வருடத்துக்கு இதுதான்." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "பரவாயில்லை, எதுவாக இருந்தாலும் செய்வேன்" என்பவரைவிட, "இருநூறு பில்லை எத்தனை பேர் பதிகிறீர்கள், யார் சரிபார்ப்பது?" என்று திருப்பிக் கேட்பவர்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். அவர் மனதளவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

இன்னொன்று. ரெஸ்யூமில் உள்ள வருடக் கணக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய 85 வருட ஆய்வுகளைத் திரட்டி ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அனுபவ வருடங்களும் படித்த வருடங்களும் வேலைத் திறனைக் கணிப்பதில் பலவீனமானவை, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் இன்டர்வியூ அவற்றைவிட எவ்வளவோ மேல் என்பது அதில் தெரிந்தது. எனவே ஃப்ரெஷரிடம் கேட்கும் அதே கேள்விகளை இவரிடமும் கேளுங்கள். கொடுக்கும் சின்ன வேலைத் தேர்வையும் அதேபோலக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் டீம் லீடருக்கு வயது இருபத்தாறு. வந்திருப்பவருக்கு நாற்பத்தெட்டு. அந்தப் பையன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பயப்படுகிறான்.

பயப்படுவது நியாயம்தான். அவரிடம் தனியாகப் பேசுங்கள். "உன் இடத்துக்கு ஆள் பார்க்கவில்லை" என்பதை நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவராகப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடக் கூடாது.

பிறகு இன்டர்வியூவை அவரையே நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். லீடர் கேட்கும் கேள்விக்கு வந்தவர் யார் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் பக்கமே திரும்பினால், நாளைக்கும் அப்படித்தான் லீடரைத் தாண்டி உங்களிடம் வருவார். லீடரைப் பார்த்தே பேசி, அவர் சொன்னதில் தனக்குப் புரியாததை அவரிடமே கேட்டால் கவலை வேண்டாம். "உங்களைவிட வயதில் சிறியவர் உங்கள் வேலையைத் திருத்தியிருக்கிறாரா? கடைசியாக எப்போது, என்ன நடந்தது?" என்றும் கேட்கலாம். நடந்ததைக் கேளுங்கள். "நடந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர்கள்தான்.

கேள்வி: சம்பளம்? அவர் முன்பு வாங்கியதில் பாதிகூட எங்களால் தர முடியாது.

முதல் தொலைபேசிப் பேச்சிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள். மூன்று சுற்று இன்டர்வியூ முடித்துவிட்டுச் சொல்வது இரண்டு பக்கமும் நேர விரயம். சம்பளம் வேலைக்கானது. அதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்கு என்ன வரம்போ அதற்குள்தான் இவருக்கும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உதவியாளர் சம்பளத்துக்கு எடுத்துவிட்டு, "நீங்கள்தான் அனுபவசாலி ஆயிற்றே" என்று மேனேஜர் வேலையை மெல்ல மெல்ல அவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆஃபர் லெட்டரில் ஒன்று, மேஜைமேல் இன்னொன்று என்று இருக்கக் கூடாது. அந்த வேலை தேவைப்பட்டால் அதற்கான சம்பளத்தோடு கொடுங்கள்.

கேள்வி: "தகுதி அதிகம்" என்று காரணம் எழுதி நிராகரித்தால் சட்டச் சிக்கல் வருமா?

நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வயது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வயதான விண்ணப்பதாரரைத் "தகுதி அதிகம்" என்று ஒதுக்குவது வயதுப் பாகுபாட்டுக்கு அறிகுறியாக இருக்கலாம் என்று அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் சொன்னது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் வயதைச் சேர்த்துத்தான் பாதுகாக்கிறது.

நேர்மாறான தீர்ப்பும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ லண்டன் நகரக் காவல்துறை, அறிவுத்திறன் தேர்வில் 20 முதல் 27 வரை வாங்கியவர்களை மட்டுமே இன்டர்வியூவுக்கு அழைத்தது. 1996-இல் 33 வாங்கிய ஒருவரை அழைக்கவில்லை. அதிகம் வாங்கியவர்கள் வேலையில் சலித்துப்போய், பயிற்சிச் செலவு வீணாகும்படி விலகுவார்கள் என்பது காரணம். அவர் வழக்குப் போட்டார். அந்தக் கொள்கை புத்திசாலித்தனமாக இல்லாவிட்டாலும் சட்டத்துக்கு முரணானது இல்லை என்று 2000-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது. எனக்கு இது வருத்தம் தரும் தீர்ப்பு. அந்த மனிதர் உண்மையிலேயே சலித்துப்போவாரா என்று யாரும் பார்க்கவில்லை.

நிராகரிப்பதானால் உண்மைக் காரணத்தை எழுதுங்கள். "இந்த வேலைக்குத் தேவையான மென்பொருளில் இவரைவிட நன்றாகச் செய்தவர் கிடைத்தார்" என்பது காரணம். எழுத ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்றால், நிராகரிக்கும் முடிவையே மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: மேடம், நான் எதிர்ப்பக்கம். முனைவர் பட்டம் வாங்கியவன், அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பட்டத்தை ரெஸ்யூமில் மறைத்துவிடலாமா?

தம்பி, எதை முன்னால் வைப்பது என்பது உங்கள் உரிமை. வேலைக்குத் தொடர்புள்ளதை மேலே போட்டு, பட்டத்தைக் கடைசியில் ஒரு வரியாக வைக்கலாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் "அதிகபட்சக் கல்வித் தகுதி" என்று நேராகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள். பின்னால் தெரிந்தால் வேலையே போகும். கூட அனுப்பும் கடிதத்தில் இரண்டே வரியில் ஏன் இந்த வேலை என்று சொல்லுங்கள். "எந்த வேலையும் சம்மதம்" என்று மட்டும் எழுத வேண்டாம். அது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இத்தனை படித்துவிட்டு இந்த வேலைக்கு எழுதும்போது மனம் எப்படி இருக்கும் என்று தெரியும். கூசாமல் எழுதுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே எடுத்தாயிற்று. நான்கு மாதமாகிறது. வேலையில் குறையே இல்லை, ஆனால் முகத்தில் சுரத்தே இல்லை. எப்படித் தக்கவைப்பது?

துருக்கியில் ஒரு கடைச் சங்கிலியின் 25 கிளைகளில் 244 விற்பனையாளர்களை வைத்து பெரின் எர்டோகன், டாலியா பவர் இருவரும் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. தங்கள் தகுதிக்கு இந்த வேலை குறைவு என்று நினைத்தவர்கள் விற்பனையில் நன்றாகவே செய்தார்கள். மனக்குறையும் போய்விடும் எண்ணமும் இருந்தன. ஆனால் சுயமாக முடிவெடுக்க இடம் கிடைத்தவர்களிடம் அந்தப் பாதிப்புக் குறைந்திருந்தது.

நீங்கள் சொல்லும் "குறையே இல்லை, சுரத்தும் இல்லை" அப்படியே இதுதான். பதவி உயர்வு இல்லாவிட்டாலும் முடிவெடுக்கும் இடம் கொடுக்கலாம். பதிவேட்டு முறையை மாற்ற வேண்டுமா? "உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அப்படி மாற்றுங்கள், பதினைந்து நாள் கழித்துப் பார்ப்போம்" என்று விட்டுவிடுங்கள். ஒவ்வொரு படியிலும் கையெழுத்துக்கு வரச் சொல்லாதீர்கள். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பமா என்றும் கேளுங்கள், விருப்பம் இருந்தால் மட்டும். சிலர் அதிலிருந்து தப்பித்துத்தான் இங்கே வந்திருப்பார்கள். ஒரு வருடத்தில் மேலே போக வழி இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரெஷர் ஒருவர், அனுபவசாலி ஒருவர். இருவரும் சமம். யாரை எடுப்பது?

கற்றுக்கொடுக்க உங்களிடம் ஆளும் நேரமும் இருந்தால் ஃப்ரெஷரை எடுங்கள். ஆரம்பநிலை வேலை என்பது புதியவர்கள் உள்ளே நுழையும் வாசல், அவர்களுக்கு வேறு வாசல் கிடையாது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லாத இடத்தில் ஃப்ரெஷரை உட்காரவைத்துத் தவிக்கவிடுவதும் சரியில்லை. அப்போது மற்றவரை எடுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன் நான்தான். அவரை நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சந்தோஷம். உங்கள் அறையில் மட்டும் வைத்துப் பேசி அனுப்பிவிடாதீர்கள். அவர் உட்காரப்போகும் மேஜையையும், பக்கத்தில் உட்காரப்போகிறவர்களையும், அன்றைய பில் கட்டையும் காட்டுங்கள். அரைமணி நேரம் அங்கேயே விடுங்கள். நிஜ வேலை எதையும் கொடுக்க வேண்டாம், பார்க்கட்டும். வீட்டுக்குப் போய் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் அந்த ஒரு நாள் கழித்தே முடிவெடுங்கள்.