சொந்த லேப்டாப்பிலேயே ஆன்சிபிள்: கேள்வி பதில்

தனி சர்வர் இல்லாமல், டெர்மினலில் இருந்தபடியே ஆன்சிபிளை (கணினிகளில் நிறுவி அமைக்கும் வேலைகளைத் தானாகச் செய்யும் கருவி) தன் கணினியின் மீதே ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, ஆன்சிபிள் கற்க இறங்கியிருக்கிறேன். எல்லா வீடியோவிலும் குறைந்தது மூன்று சர்வர் வைத்துக் காட்டுகிறார்கள். என்னிடம் உபுண்டு போட்ட லேப்டாப் ஒன்றுதான் இருக்கிறது. போதுமா?

பதில்: தாராளமாகப் போதும் தம்பி. ஆன்சிபிள் வழக்கமாக என்ன செய்கிறது? ஒவ்வொரு டாஸ்குக்கும் (செய்ய வேண்டிய ஒரு வேலை) ஒரு சின்ன பைதான் நிரலைத் தயார் செய்து, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக எதிர்க் கணினிக்கு அனுப்பி, அங்கே ஓட்டி, விடையை வாங்கி வருகிறது. கனெக்‌ஷனை ‘லோக்கல்’ என்று மாற்றிவிட்டால் அந்த நிரல் இங்கேயே ஓடும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். சைட்.யாமல் என்பது டாஸ்குகளை வரிசையாக எழுதிய ஃபைல், அதாவது பிளேபுக்; லோக்கல்ஹோஸ்ட் என்பது இதே கணினியைக் குறிக்கும் பெயர். கட்டளை இது:

ஆன்சிபிள்-பிளேபுக் -ஐ லோக்கல்ஹோஸ்ட், -சி லோக்கல் சைட்.யாமல்

நிறுவும்போது ஒரு விஷயம். டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி, சிஸ்டம் பைதானுக்குள் பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) மூலம் நேரடியாக எதையும் போட விடமாட்டார்கள். பிழைச் செய்தியிலேயே அதை மீறும் வழியும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு கருவியையும் தனி பைதான் சூழலில் போடும் பிப்எக்ஸ் வைத்து நிறுவுங்கள்.

கேள்வி: அந்தக் கட்டளையில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பின்னால் கமா இருக்கிறதே, தட்டச்சுப் பிழையா?

பதில்: இல்லை, அது வேண்டும். கமா இருந்தால் ‘இது கணினிப் பெயர்களின் பட்டியல்’ என்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் இன்வென்டரி ஃபைலை (கணினிகளின் பட்டியல் உள்ள ஃபைல்) தேடிப் போகும்.

கேள்வி: நான் இன்வென்டரியே கொடுக்காமல் ஓட்டினேன், ஓடியது. ஆனால் பிளேபுக்கில் ஹோஸ்ட்ஸ் என்ற இடத்தில் ‘ஆல்’ போட்டால் பொருந்தும் கணினி எதுவும் இல்லை என்கிறது. லோக்கல்ஹோஸ்டை இன்வென்டரியில் எழுதினாலோ 22ஆம் போர்ட்டில் இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. என்னதான் வேண்டுமாம் அதற்கு?

பதில்: இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரும் குழப்பம். நீங்கள் லோக்கல்ஹோஸ்டை எங்கும் குறிப்பிடாதபோது, ஆன்சிபிள் தானாகவே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. அதற்கு லோக்கல் கனெக்‌ஷன் இயல்பாகவே உண்டு. ஆனால் ‘ஆல்’ என்ற குழுவில் அதைச் சேர்ப்பதில்லை. நீங்களாக இன்வென்டரியில் எழுதிய அந்த நிமிடம் அந்தச் சலுகை போய்விடும். அது மற்ற சர்வர்களைப் போல ஒன்றாகி, எஸ்எஸ்எச் வழியாகத் தன்னையே தட்டிப் பார்க்கும். அதனால் எழுதினால், பக்கத்திலேயே ஆன்சிபிள்_கனெக்‌ஷன்=லோக்கல் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் (தனித்த பைதான் சூழல்) ஆன்சிபிளும் போட்டோ3யும் (அமேசான் கிளவுடுக்கான பைதான் நூலகம்) நிறுவியிருக்கிறேன். பைதானில் இம்போர்ட் செய்தால் வேலை செய்கிறது. பிளேபுக்கில் அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுக்குரிய மாட்யூல் (டாஸ்க் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) மட்டும் போட்டோ3 இல்லை என்று அடம் பிடிக்கிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது சார்.

பதில்: லோக்கலாக ஓட்டுபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே இரண்டு பைதான் இருக்கின்றன. ஆன்சிபிளை ஓட்டுவது உங்கள் விர்ச்சுவல் என்விரான்மென்டின் பைதான். டாஸ்க்கை ஓட்டுவது ‘எதிர்க் கணினியின்’ பைதான். எதிர்க் கணினியும் இதே லேப்டாப்தான் என்று நமக்குத் தெரியும். ஆன்சிபிள் அதைப் பொருட்படுத்துவதில்லை. வழக்கம்போலத் தேடி, யூஎஸ்ஆர் பின்னில் இருக்கும் சிஸ்டம் பைதானை எடுத்துக்கொள்கிறது. அங்கே போட்டோ3 இல்லை. அது சொல்வது உண்மைதான்.

ஆன்சிபிள்_பைதான்_இன்டர்பிரெட்டர் என்ற மாறிக்கு, ஆன்சிபிள்_பிளேபுக்_பைதான் என்ற உள்ளமைந்த மாறியை மதிப்பாகக் கொடுங்கள். இரண்டும் ஒரே பைதானாகிவிடும். இன்வென்டரி கொடுக்காமல் ஓட்டும்போது தானாக உருவாகும் லோக்கல்ஹோஸ்டில் இது ஏற்கெனவே இப்படித்தான் இருக்கும். ‘நேற்று ஓடியது, இன்வென்டரி சேர்த்ததும் நின்றுவிட்டது’ என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுவே.

ஒரு எச்சரிக்கை: இதை எல்லா டாஸ்குக்கும் போட்டுவிடாதீர்கள். உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி மாட்யூலுக்கு வேண்டிய பைதான்3-ஏபிடி என்பது சிஸ்டம் பைதானோடு வருவது. புதிய பதிப்புகளில் அந்த மாட்யூல் தானே சிஸ்டம் பைதானுக்குத் தாவிச் சமாளிக்கும், பழையவற்றில் கவிழும்.

கேள்வி: எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்க முடியுமா? என் லேப்டாப்பிலேயே ஓட்டுவதால் பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். --செக் --டிஃப் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த ஃபைலில் எந்த வரி மாறும் என்று கூட்டல் கழித்தல் குறியோடு காட்டும். தனியாக --செக் மட்டும் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. ‘மாறும்’ என்று மட்டும் தெரிந்து என்ன செய்வது?

ஆனால் ஒத்திகையை முழுதாக நம்பாதீர்கள். கமாண்ட், ஷெல் மாட்யூல்களை செக் முறையில் அது ஓட்டாமல் தாண்டிவிடும். அதன் விடையை ரெஜிஸ்டர் செய்து (ஒரு மாறியில் சேமித்து) வைத்து அடுத்த டாஸ்கில் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது தடுமாறும். அந்தக் கமாண்ட் வெறுமனே படிக்க மட்டும் செய்கிறது என்றால், அந்த டாஸ்கில் செக்_மோட் என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள், ஒத்திகையிலும் ஓடும். இன்னொன்று, முதல் டாஸ்க் பேக்கேஜை நிறுவ, இரண்டாவது அதன் சர்வீஸைத் துவக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒத்திகையில் முதலாவது எதையும் நிறுவியிருக்காது. அப்படி ஒரு சர்வீஸே இல்லையே என்று இரண்டாவது முறையிடலாம். அது பிளேபுக்கின் தவறல்ல.

என்னைக் கேட்டால், ஒத்திகையைவிட நம்பகமான சோதனை இரண்டாவது ஓட்டம். தூக்கி எறியக்கூடிய விர்ச்சுவல் மெஷினிலோ கன்டெய்னரிலோ ஒரு முறை நிஜமாக ஓட்டுங்கள். உடனே மறுபடி ஓட்டுங்கள். கடைசி வரியில் சேஞ்ச்ட்=0 என்று வர வேண்டும். வராவிட்டால் எந்த டாஸ்க் மஞ்சளாகத் தெரிகிறதோ அதில்தான் கோளாறு.

கேள்வி: எனக்கு அந்த இரண்டாவது ஓட்டத்தில் ஒரு டாஸ்க் எப்போதும் சேஞ்ச்ட் என்றே வருகிறது. ஷெல் மாட்யூலில் எக்கோ வைத்து, ஷெல்லின் அமைப்புகள் உள்ள பேஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன்.

பதில்: இப்போதே அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள், எத்தனை முறை ஓட்டினீர்களோ அத்தனை முறை அந்த வரி இருக்கும். வரி ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேர்க்காத லைன்இன்ஃபைல் மாட்யூலுக்கு மாறுங்கள். அதில் ரெஜெக்ஸ் (வரியைத் தேடும் வடிவம்) கொடுப்பதாக இருந்தால், அது மாற்றத்துக்கு முந்தைய வரிக்கும் பிந்தைய வரிக்கும் பொருந்த வேண்டும். பழைய வரிக்கு மட்டும் பொருந்தினால் பின்னால் சிக்கல்தான்.

கேள்வி: ஃபைல் அனுமதிக்கு மோட் 644 என்று கொடுத்தேன். ஃபைலைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. என் சொந்த ஃபைல்!

பதில்: மேற்கோள் குறி போடவில்லை, முன்னால் சுழியமும் இல்லை, சரியா? யாமல் (பிளேபுக்கை எழுதும் வடிவம்) அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொள்ளும். தசம 644 என்பது எண்ம முறையில் 1204. அதாவது உரிமையாளருக்கு எழுத மட்டும் அனுமதி, படிக்க இல்லை. யாரோ மற்ற பயனர்களுக்குப் படிக்க அனுமதி. '0644' என்று மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

கேள்வி: சூடோ (ரூட் எனும் நிர்வாகியாக ஓட்டும் கட்டளை) போட்டு மொத்த பிளேபுக்கையும் ஓட்டலாமா? சுலபமாக இருக்கிறதே.

பதில்: வேண்டாம். பிப்எக்ஸில் நிறுவியிருந்தால் சூடோவுக்கு ஆன்சிபிள் கண்ணிலேயே படாது. பட்டாலும், உபுண்டுவில் ஹோம் ஃபோல்டர் ரூட்டுடையதாகிவிடும். நீங்கள் இறக்கி வைத்த மாட்யூல் தொகுப்புகளான கலெக்‌ஷன்கள் கிடைக்காது, உங்களுக்கென்று எழுதிய செட்டிங்ஸ் ரூட்டின் வீட்டில் போய் உட்காரும். தேவையான டாஸ்கில் மட்டும் பிகம் (அதை ரூட்டாக ஓட்டச் சொல்வது) போட்டு, கட்டளையில் -கே (பெரிய எழுத்து) கொடுங்கள். பாஸ்வேர்டை ஆரம்பத்திலேயே ஒரு முறை கேட்டுக்கொள்ளும்.

கேள்வி: விண்டோஸ்காரர்களுக்கு வழி உண்டா?

பதில்: விண்டோஸில் நேரடியாக ஆன்சிபிளை ஓட்ட முடியாது, டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வேண்டும். அதற்குள் போனபின் பிளேபுக்கை சி டிரைவில் வைக்காதீர்கள். அந்த ஃபோல்டர்கள் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவையாகத் தெரியும் என்பதால், அங்கே இருக்கும் ஆன்சிபிள்.சிஎஃப்ஜி என்ற செட்டிங்ஸ் ஃபைலை அது புறக்கணித்துவிடும். எச்சரிக்கை ஒன்று வரும், அதை யார் படிக்கிறோம்! லினக்ஸ் பக்கத்து ஹோமில் வையுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டை -ஈ மூலம் கட்டளையிலேயே தருகிறேன். என் லேப்டாப்தானே?

பதில்: ஷெல் ஹிஸ்டரியில் தங்கும், ஓடும் நேரத்தில், நடக்கும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் அடித்தாலும் தெரியும். ஆன்சிபிள்-வால்ட்டில் பூட்டிய ஃபைலில் வையுங்கள். அந்த டாஸ்கில், விவரங்களை வெளியீட்டில் காட்டாமல் மறைக்கும் நோ_லாக் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீசில் ஆன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான பப்பெட்தான் சார். இதே வகையில் சால்ட், செஃப் என்றும் இருக்கின்றன. இவற்றிலும் இப்படி லோக்கலாக ஓட்டலாமா?

பதில்: எல்லாவற்றிலும் உண்டு. சால்ட்டில் சால்ட்-கால் --லோக்கல், ஒத்திகைக்கு டெஸ்ட்=ட்ரூ. செஃப்பில் செஃப்-கிளையன்ட் -இசட். பப்பெட்டில் பப்பெட் அப்ளை, ஒத்திகைக்கு --நோஆப். பப்பெட்டை ஸ்கிரிப்டுக்குள் வைக்கப் போகிறீர்கள் என்றால் --டீடெயில்ட்-எக்ஸிட்கோட்ஸ் கொடுங்கள். முடியும்போது அது தரும் எண் 0 என்றால் மாற்றம் இல்லை, 2 வந்தால் மாற்றம் நடந்தது, 4 வந்தால் தோல்வி, 6 வந்தால் இரண்டும். சுழியம் அல்லாத எதையும் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும் சிஐ (நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு), ஒழுங்காக முடிந்த 2ஐயும் சிவப்பாகக் காட்டும். அந்த ஒரு எண்ணை ஸ்கிரிப்டில் தனியாகக் கவனித்து விடுங்கள்.